குழந்தை ஐ.சி.யூ.வில் இருக்கும்போது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிற அம்மா, அப்பா, பாட்டிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்பவை மட்டும் தனி ரகம். அவற்றில் பதில் சொல்லக்கூடியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளைத்தான் அதிகம் மனதில் வைத்திருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு எந்த மருந்து, எந்த அளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர், "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, 72 மணி நேரம் போகட்டும்" என்கிறார். எதையோ மறைக்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. 37 வாரம் முடியாமல் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. ரொம்ப முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் போதுமான அளவு ஊறியிருக்காது. அதனால் வரும் மூச்சுத்திணறல் முதல் இரண்டு மூன்று நாள் கூடி, அப்புறம்தான் தணியும். மூளைக்குள் ரத்தக்கசிவு வருவதாக இருந்தாலும் அநேகமாக அந்த மூன்று நாளுக்குள்தான் வரும். டாக்டர் கடக்கச் சொல்கிற கண்டம் அதுதான்.

"பிழைக்குமா?" என்று கேட்டால் யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். நேற்றைக்கு இன்றைக்கு மூச்சு எப்படி இருக்கிறது? ஆக்சிஜன் கூட்டினீர்களா, குறைத்தீர்களா? பால் எத்தனை மில்லி போகிறது, செரிக்கிறதா? ஒன்றுக்குப் போகிறதா? இதற்கெல்லாம் பதில் உண்டு. ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பதற்றத்தில் காதில் விழுவது பாதிதான் மனதில் நிற்கும். இன்னொன்று, ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் பெற்றோரிடம் பேசும் நேரம் எது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அப்பா டீ குடிக்கப் போகக்கூடாது.

உடம்பெல்லாம் குழாயும் ஒயருமாக இருக்கிறது. ஒவ்வொன்றும் என்ன?

மேலே சூடு தரும் திறந்த படுக்கை வார்மர். மூடிய பெட்டி இன்குபேட்டர். மூக்கில் சின்ன குழாய் மாட்டி, தலையில் குல்லாவோடு சேர்த்துக் கட்டியிருந்தால் அது சிபாப். குழந்தை தானாகத்தான் மூச்சுவிடுகிறது, நுரையீரல் சுருங்காமல் இருக்க அது காற்றழுத்தம் தருகிறது. தொண்டைக்குள் குழாய் போயிருந்தால் வென்டிலேட்டர். வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாய் பாலுக்கானது. கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் வைத்திருந்தால் மஞ்சள் காமாலைக்கு வைத்தியம் நடக்கிறது. அந்த விளக்கு சுடாது. அந்த வெளிச்சம் கண்ணைப் பாதிக்காமலிருக்கத்தான் கட்டு.

காலில் சிவப்பாக மினுக்குவது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் பட்டை. மானிட்டரில் "கூ... கூ..." என்று சத்தம் வந்தால் பாதி நேரம் குழந்தை காலை உதைத்து அந்தப் பட்டை நழுவியிருக்கும். ஆக்சிஜன் வைத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு அந்த எண் 90 முதல் 95 வரை இருந்தால் போதும். பெரியவர்களுக்குப் போல 99 வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆக்சிஜன் தேவைக்கு மேல் போனால் கண்ணுக்குக் கெடுதல்.

அலாரம் அடித்தால் மானிட்டரைப் பார்க்காமல் குழந்தையின் நிறத்தையும் நெஞ்சையும் பாருங்கள். நாங்களும் முதலில் அதைத்தான் பார்ப்போம். குறைமாதக் குழந்தை சில விநாடி மூச்சுவிட மறந்துபோவது சகஜம். பாதத்தை லேசாகத் தட்டினால் பல நேரம் மறுபடி விடத் தொடங்கிவிடும். இதற்காகக் காஃபீன் மருந்து கொடுப்பதும் வழக்கம். ஆமாம், காப்பியில் இருக்கிற அதே காஃபீன்தான்.

தொடலாமா? தொட்டால் கிருமி வரும் என்று பயமாக இருக்கிறது.

கை கழுவினால் தொடலாம், தொடவும் வேண்டும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செல்போனை எடுத்துப் பார்த்தால் மறுபடி கழுவ வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது, வார்டில் இதற்குத்தான் நான் அதிகம் சத்தம் போட்டிருக்கிறேன்.

தொடும் விதமும் முக்கியம். ரொம்பச் சின்னக் குழந்தைக்கு வருடிக் கொடுப்பது பிடிக்காது. தோல் மெல்லிசு, அது தொந்தரவாகத்தான் படும். ஒரு கையைத் தலையைச் சுற்றிக் குவித்து வையுங்கள். இன்னொரு கையால் மடங்கிய கால்களைப் பாதத்தோடு சேர்த்து அணைத்துப் பிடியுங்கள். அசைக்காமல் அப்படியே வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் விரிந்து துடித்த கைகள் மடங்கி முகத்துக்கு வரும். ஊசி போடும்போதும் இப்படிப் பிடித்துக்கொள்ள அனுமதி கேளுங்கள்.

அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் பெற்றோரையும் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. "உள்ளே வரலாமா சிஸ்டர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு ஷிஃப்டில் முடியாது என்றால் அடுத்த ஷிஃப்டில் கேளுங்கள்.

பால் வரவே இல்லை. சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. இதை வைத்து என்ன செய்வது?

அந்தச் சொட்டுதான் வேண்டும். முதல் சில நாள் வருவது சீம்பால், அளவு குறைவாகத்தான் இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு ஒரு மில்லி, இரண்டு மில்லிதான் கொடுப்போம். சொட்டு சொட்டாக எடுத்துச் சின்ன சிரிஞ்சில் சேர்த்துக் கொடுத்தால் குழந்தைக்கு அன்றைக்கு அது விருந்து. குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகும் ஒரு நோய் உண்டு, எங்களுக்கெல்லாம் பயம் தரும் நோய். அதன் வாய்ப்பைக் குறைப்பதில் தாய்ப்பாலுக்கு இணையாக எதுவும் இல்லை. டாக்டராலும் நர்ஸாலும் தர முடியாத மருந்து இது ஒன்றுதான்.

பிரசவம் ஆன சில மணி நேரத்துக்குள் பீய்ச்சத் தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது, அதில் ஒன்றிரண்டு ராத்திரியில். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டால் சில நாளில் பால் குறைந்துவிடும். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்த்துப் பிழியுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கக்கூடாது. காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் வலிதான் மிஞ்சும். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்ததும் பீய்ச்சிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கொதிக்கவைத்த கிண்ணத்தில் பிடித்து மூடி, பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். வெளியில் நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் வார்டின் விதிப்படி செய்யுங்கள். அம்மா ஓர் ஆஸ்பத்திரியிலும் குழந்தை இன்னொன்றிலும் இருந்தால், ஐஸ் போட்ட பெட்டியில் பாலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது அப்பாவின் வேலை.

பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைத்து, காய்கறியை நிறுத்தி, வெறும் ரசம் சோறு கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, கீரை, முட்டை எல்லாம் சாப்பிடட்டும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும்.

பால் பவுடர் டின் வாங்கி வரட்டுமா?

நீங்களாக வாங்க வேண்டாம். தாய்ப்பால் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் வேறு பல அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. மற்ற தாய்மார் தானமாகக் கொடுத்த பாலைப் பரிசோதித்து, பதப்படுத்தி, உறையவைத்து வைத்திருப்பார்கள். இந்தியாவில் இந்த ஏற்பாடு 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது.

குழாய்க்குப் பதில் எப்போது வாயால் குடிக்கும்?

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யும் பக்குவம் ஏறக்குறைய 34 வாரத்தில் வரும். 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அதற்கு ஒரு மாதம் ஆகலாம். இடையில் பாலாடையால் கொடுக்கச் சொல்லித் தருவோம். நம் பாட்டிகள் சங்கு என்றும் பாலாடை என்றும் வைத்திருந்த அதே சாமான்தான், இன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் அதுதான். பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்து, கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். குழந்தை விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மடக் மடக்கென்று ஊற்றினால் புரையேறும். ஃபீடிங் பாட்டில் வேண்டவே வேண்டாம், கழுவுவதும் கடினம், அப்புறம் மார்பில் குடிக்கவும் மறுக்கும்.

கங்காரு முறை என்று நெஞ்சில் கட்டி வைக்கச் சொல்கிறார்கள். இன்குபேட்டர் இல்லாததால் சமாளிக்கிறார்களா?

இந்தச் சந்தேகம் நியாயமானதுதான், ஏனென்றால் ஆரம்பம் அப்படித்தான். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரு தாய்-சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை, கிருமித் தொற்றில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. எட்கர் ரே சனப்ரியா என்ற டாக்டர் குழந்தைகளை அம்மாவின் நெஞ்சோடு தோல் படும்படி வைக்கச் சொன்னார். பற்றாக்குறைக்காக வந்த வழி, பிறகு பெட்டியைவிட நல்லது என்று தெரிந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வில், பிறந்ததும் கங்காரு முறையைத் தொடங்கிய குழந்தைகளில் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நிலைமை சீரான பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்த குழந்தைகளோடு ஒப்பிட்ட கணக்கு இது. அதில் சேர்க்கப்பட்டவை ஒரு கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொன்னது.

முன்பக்கம் திறக்கிற நைட்டியோ சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், டயப்பர் மட்டும் போதும். இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்ந்த வாக்கில், தவளைபோலக் கைகால் மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி இருக்க வேண்டும். கழுத்து முன்னால் சாய்ந்து மடங்கினால் மூச்சு அடைபடும், அதை மட்டும் கவனியுங்கள். துப்பட்டாவோ மெல்லிய புடவையோ சுற்றிக் கட்டலாம். சாய்ந்து உட்கார்ந்தால் போதும், ஆபரேஷன் ஆனவர்களும் செய்யலாம். உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். அடிக்கடி தூக்கித் தூக்கி வைப்பது குழந்தைக்குக் களைப்பு.

அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். முதல் நாள் அப்பாக்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றக் கூச்சப்படுவார்கள், பக்கத்தில் மற்ற பெண்கள் இருக்கிறார்களே என்று. ஒரு திரையை இழுத்து விடச் சொல்லுங்கள். நெஞ்சில் வைத்த கொஞ்ச நேரத்தில் மானிட்டரில் ஆக்சிஜன் எண் ஏறி நிற்பதைப் பார்த்த பிறகு பல பேர் எழுந்திருக்க மாட்டார்கள், சாப்பிடப் போகச் சொல்லி நாங்கள்தான் துரத்த வேண்டும்.

"ஏழாம் மாசம் பிறந்தா தங்கும், எட்டாம் மாசம் பிறந்தா தங்காது" என்கிறார் மாமியார்.

தவறு. வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான். எட்டாம் மாதக் குழந்தைக்கு ஏழாம் மாதக் குழந்தையைவிட வாய்ப்பு அதிகம். பாட்டியை உள்ளே ஒரு தடவை கூட்டி வந்து டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். மருமகள் சொல்லி நம்பாதவர்கள் ஸ்டெதாஸ்கோப் மாட்டியவர் சொன்னால் நம்புவார்கள்.

எடை குறைந்துகொண்டே போகிறது. பால் பத்தவில்லையா?

முதல் வாரத்தில் எடை குறைவது இயல்பு. நிறைமாதக் குழந்தைக்குப் பத்து சதவீதம் வரைக்கும், குறைமாதக் குழந்தைக்குப் பதினைந்து வரைக்கும் போகலாம். 1,400 கிராமில் பிறந்தது 1,260-க்கு வந்தால் அது பத்து சதவீதம், அவ்வளவுதான். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்ப வரும். அப்புறம் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 15 முதல் 20 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி.

வார்டில் அம்மாக்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், "தொள்ளாயிரம் கிராம் அம்மா", "ஒன்று நானூறு அம்மா" என்பார்கள். குழந்தைக்கும் பெயர் இருக்காது, கையில் கட்டிய பட்டையில் "பேபி ஆஃப்" என்று போட்டு அம்மா பெயர் இருக்கும். காலையில் எடை பார்க்கிற நேரம் பரீட்சை ரிசல்ட் மாதிரி. பக்கத்துக் குழந்தைக்கு முப்பது ஏறியது, என் குழந்தைக்கு ஐந்துதான் என்று அழுவார்கள். டயப்பர் நனைந்திருந்ததா, எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே அவ்வளவு மாறும். மூன்று நாள் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் குழந்தை நிறைமாதம். பிறந்ததும் அழவில்லை. இப்போது உடம்பைச் சில்லென்று வைத்திருக்கிறார்கள். குளிரில் ஏதாவது ஆகிவிடாதா?

வேண்டுமென்றேதான் குளிர வைக்கிறார்கள். பிறக்கும் நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோனால், அடுத்த சில மணி நேரத்தில் சேதம் பரவும். பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் உடம்பு வெப்பத்தை 33-34 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு மெதுவாகச் சூடேற்றினால் சேதம் குறையும். எல்லாக் குழந்தைக்கும் முழுப் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இந்த மூன்று நாளில் குழந்தை சோர்ந்து, வெளுத்துத்தான் தெரியும். போர்வை கொண்டுவந்து போர்த்திவிடாதீர்கள், அப்படி ஒரு பாட்டி செய்ததைப் பார்த்திருக்கிறேன்! எவ்வளவு பாதிப்பு என்பது சூடேற்றிய பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும், குழந்தை உறிஞ்சிக் குடிப்பதிலும்தான் தெரியவரும்.

சொந்தக்காரர்கள் ஓயாமல் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

ஒருவரை நியமித்துவிடுங்கள், சித்தப்பாவோ அண்ணனோ. நாளைக்கு ஒரு தடவை அவர் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போடட்டும், மற்றவர்கள் அவரைக் கேட்கட்டும். பார்க்க வருகிறோம் என்பவர்களிடம் வேலை கொடுங்கள். மூத்த பிள்ளையைப் பள்ளியில் விட, மதியச் சாப்பாடு கொண்டுவர, ரத்தம் கொடுக்க. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆறு பேர் வந்து நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். சளி, காய்ச்சல் இருப்பவர் யாராக இருந்தாலும் குழந்தை பக்கம் வேண்டாம்.

குழந்தையைப் பார்த்தால் என்னுடையது என்றே தோன்றவில்லை. நான் கெட்ட அம்மாவா?

இல்லை. தூங்காத உடம்பு, தையல் வலி, மார்பில் பால் கட்டு, கையில் குழந்தை இல்லை. அந்த நிலையில் மரத்துப்போவது நிறையப் பேருக்கு நடக்கிறது, யாரும் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். "நான் படி ஏறினதாலயா, பப்பாளி சாப்பிட்டதாலயா?" என்ற கேள்வியும் இதோடு சேர்ந்து வரும். குறைப்பிரசவத்துக்குப் பல நேரம் காரணமே தெரிவதில்லை. தெரிகிற காரணங்கள் பெரும்பாலும் ரத்த அழுத்தம், தொற்று, பனிக்குடம் முன்கூட்டி உடைவது, இரட்டைக் குழந்தை, இப்படித்தான் இருக்கும். படிக்கட்டு இல்லை.

பிரசவமான முதல் பத்து நாள் அழுகை வருவதும் போவதும் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், தூங்க வாய்ப்பிருந்தும் தூக்கமே வரவில்லை என்றால், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம்.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. பெஞ்சில் உட்கார்ந்து, ரத்தத்துக்கும் ஸ்கேனுக்கும் ஓடி, யாரிடமும் முகம் காட்டாமல் இருப்பீர்கள். உங்களை யாரும் "சாப்பிட்டியாப்பா?" என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த எண்கள் உங்களுக்கும்தான்.

தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செலவு கைமீறிப் போகிறது. அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா?

தாராளமாக. நகையை அடகு வைப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இன்னும் நல்லது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் வென்டிலேட்டர், சர்ஃபாக்டன்ட் எல்லாம் உண்டு. இடம் நெருக்கடியாக இருக்கும், பெஞ்சில் படுக்க வேண்டிவரும், அது நிஜம். வைத்தியம் மட்டம் என்பது நிஜமில்லை. 2020-ன் மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டின் சிசு இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 13, இந்தியச் சராசரி 28. இறப்பு இப்படிக் குறைந்ததில் அரசு வார்டுகளின் பங்கு பெரிது. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, ரத்தம், வாகனம் எல்லாம் இலவசம். பிறகு இது ஒரு வயது வரை நீட்டிக்கப்பட்டது.

மாற்றும்போது அவசரப்பட்டு ஆட்டோவிலோ காரிலோ தூக்கிக்கொண்டு போகாதீர்கள். படுக்கை இருக்கிறதா என்று டாக்டரை விட்டே போனில் கேட்கச் சொல்லுங்கள். 108-ல் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே தனி ஆம்புலன்ஸ்கள் இருக்கின்றன, அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கொடுத்த மருந்து, எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதிய சம்மரியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியாரிலேயே தொடர்வதானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த மருத்துவமனை சேர்ந்திருக்கிறதா, உங்கள் குழந்தையின் சிகிச்சை அதில் வருகிறதா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்கு ஒருவர் உடனே கிளம்பட்டும். விவரத்துக்கு 1800 425 3993.

புண்ணியாதானம், பெயர் வைப்பது, சேனை வைப்பது?

பெயரை இப்போதே வைத்துக் கூப்பிடுங்கள், சடங்கு பிறகு நடக்கட்டும். சேனைத் தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரமருந்து, கிரைப் வாட்டர் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது, ஒரு சொட்டுகூட. திருநீறு பூச வேண்டும் என்றால் தொட்டிலுக்கு வெளியே ஒட்டிவிடுங்கள். சாமி படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தால் பல வார்டுகளில் தலைமாட்டில் ஒட்ட விடுவார்கள்.

பிறப்புப் பதிவை மறக்காதீர்கள். 21 நாளுக்குள் பதிவுசெய்தால் கட்டணம் இல்லை. கர்ப்பத்தைப் பதிவுசெய்தபோது கொடுத்த பிக்மி எண்ணை எடுத்து வையுங்கள், கேட்பார்கள்.

கண் பரிசோதனைக்கு ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? கண் நன்றாகத்தானே இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறித்துவிடும் நோய் ஒன்று உண்டு, ஆர்.ஓ.பி. என்போம். வெளியில் பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவான எல்லாக் குழந்தைக்கும், பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்னரோ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. உரிய நேரத்தில் லேசர் வைத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பார்வையைக் காப்பாற்றலாம், நேரம் தப்பினால் பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகிவிட்டோம், தீட்டுக் கழியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிப்போடவே கூடாது. ஒரு தடவை பார்த்தால் முடிந்தது என்றும் இல்லை, "போதும்" என்று கண் டாக்டர் சொல்லும்வரை போக வேண்டும். காது கேட்கும் சோதனை, தைராய்டு சோதனை இரண்டும் ஆனதா என்றும் கேட்டுவிடுங்கள்.

குழந்தை பிழைக்காது என்று சொல்லிவிட்டால்?

வீட்டார் உடனே எங்களிடம் வந்து, "அம்மாவுக்குக் காட்டாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டா" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் முடிவு அவளுடையது, அவளைக் கேளுங்கள். கடைசி நேரத்தில் மடியில் வாங்கிக்கொண்ட அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், காட்டாமல் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டதாகப் பிறகு தெரிந்துகொண்ட அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாமவர்கள் வருஷம் கழித்து வந்து எங்களிடம் கேட்பது, "பாப்பா யார் ஜாடை சிஸ்டர்?" என்றுதான்.

குழாய்களை எடுத்துவிட்டு மடியில் தரச் சொல்லலாம். போட்டோ எடுக்கலாம், பெயர் சொல்லலாம், கையிலிருந்த பட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. பால் சுரப்பது உடனே நிற்காது. அது ஒரு தனிக் கொடுமை. மார்பை இறுக்கிக் கட்டாதீர்கள், பால் கட்டிக்கொள்ளும். வலி தீரும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி விடலாம், நிறுத்த மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சிலர் அந்தப் பாலை வங்கிக்குக் கொடுத்தார்கள். எல்லோராலும் முடியாது, முடிய வேண்டும் என்றும் இல்லை.

வீட்டுக்குப் போகிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடு, பாதம் குளிர் என்றால் நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுங்கள். இரண்டும் குளிர்ந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளே இழுப்பது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாவது, 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சாம்பிராணிப் புகை, கொசுவத்தி, பீடி சிகரெட் புகை மூன்றும் அந்த நுரையீரலுக்கு ஆகாது. குளிப்பாட்டும் பாட்டி மூக்கில், காதில் எண்ணெய் விடவும் கூடாது, ஊதவும் கூடாது. மல்லாக்கப் படுக்கப் போடுங்கள்.

தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில்தான். வளர்ச்சியை மட்டும், முன்கூட்டிப் பிறந்த மாதங்களைக் கழித்துப் பாருங்கள். இரண்டு மாதம் முன்கூட்டிப் பிறந்த குழந்தை ஆறு மாதத்தில் நாலு மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் அது சரியான வளர்ச்சி. இரண்டு வயது வரை இந்தக் கணக்குதான். தவழ்வதிலோ பார்ப்பதிலோ சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் உள்ள டி.இ.ஐ.சி. மையத்தில், அதாவது வளர்ச்சிக் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டு சிகிச்சை தரும் மையத்தில், காட்டுங்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே கட்டணமில்லாமல் கிடைக்கும். கிராம சுகாதார செவிலியருக்கு நீங்கள் ஊர் திரும்பியதைச் சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது வார்டில் இருப்பவர்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஒன்றும் கொடுக்க வேண்டாம். சாக்லேட் கொடுத்தால் சாப்பிடுவோம். யாராவது கை நீட்டிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள், அல்லது 104-க்கு போன் செய்யுங்கள். குழந்தையை அடுத்த செக்கப்புக்குக் கொண்டுவருகிற அன்றைக்கு நேரம் இருந்தால் வார்டுப் பக்கம் ஒரு எட்டு வந்து காட்டிவிட்டுப் போங்கள்.